சுவைக்கு நடுவர் உண்டோ?

"அவரவர் சுவை அவரவர்க்கு" என்பது நாம் நாள்தோறும் கேட்கும் சொல். உணவில் தொடங்கி உடை, இசை, இலக்கியம் ஈறாகக் கருத்து வேறுபாடு தோன்றும் இடமெல்லாம் இச்சொல் வந்து நின்று வாதத்தை முடித்து வைக்கின்றது. சுவையைப் பற்றி வழக்காடல் ஆகாது என்னும் பொருள்படும் பழமொழி இலத்தீன் மொழியிலும் உண்டு. பார்வைக்கு இது பெருந்தன்மை மிக்க சொல்லாகவே தோன்றுகின்றது. பிறர் விருப்பில் தலையிடாமை நாகரிகம் அன்றோ? ஆயினும் இச்சொல்லை அவ்வாறே ஏற்போமாயின் ஆசிரியத் தொழிலில் ஒரு பாதி பொருளற்றுப் போகும். பாடல் ஒன்றைப் படித்த மாணவன், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்கின்றான். "இது நல்ல பாடல்" என்கின்றார் ஆசிரியர். அவன் கூறியதும் விருப்பம், இவர் கூறியதும் விருப்பம் என்றால், ஆசிரியர் தம் விருப்பத்தை மாணவன்மேல் சுமத்துகின்றார் என்பதன்றி வேறு என்ன? இலக்கிய நயம் கற்பித்தல் அதிகாரத்தின் மறுபெயர்தானா?

இவ்வினாவை இலக்கியத்தை வைத்தே ஆராயலாம். ஆனால் இலக்கியத்தில் பற்று, புகழ், பழக்கம், இன உணர்வு ஆகியவை பின்னிக் கிடப்பதால் முடிச்சு எளிதில் அவிழாது. ஆகவே சுவை என்னும் சொல் பிறந்த இடத்துக்கே, நாவுக்கே, செல்வோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோரும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் ஆக்குவோரும் பலர் உளர். அவர்கள் ஒன்றுகூடித் தத்தம் பானங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை, நம் வினாவுக்கு நல்லதோர் உரைகல்.

ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் எடுத்துக்கொள்ளும் பொருளா இது என்று சிலர் புருவம் உயர்த்தக் கூடும். அவர் ஐயம் நியாயமானதே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நம் உழைப்பாளர் குடும்பங்களைச் சீரழித்த வரலாற்றையும் நாம் மறந்தோமல்லோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றது. இவற்றை மறுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மது அருந்துமாறு எவரையும் இது தூண்டவுமில்லை. இதனை எழுதுபவன் மது அருந்தும் வழக்கம் இல்லாதவன். ஈண்டு ஆராயப்படுவது மது அன்று, தீர்ப்பு. நன்று, தீது என்று மனிதன் கூறும்போது அவன் செய்வது யாது என்பதே கேள்வி.

ஆக்கும் முறை

பீர் ஆக்கும் முறையைச் சுருங்கக் காண்போம். பார்லியை முளைகட்டி உலர்த்துவர். முளைக்கும் தானியத்தில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் தோன்றுகின்றது. அதனைப் பொடித்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இனிய சாறு கிடைக்கும். அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைப்பர். ஹாப்ஸ் கைப்பையும் மணத்தையும் தரும். பின்னர் ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஓரிரு வாரங்களில் சர்க்கரை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். சைடரோ இன்னும் எளியது. ஆப்பிளை நசுக்கிப் பிழிந்த சாறு, குளிர்காலம் முழுவதும் மெல்லப் புளித்து விளையும்.

இம்முறை நம் முன்னோர் அறியாததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, இல்லத்தில் ஆக்கிய தோப்பி என்னும் நெற்கள்ளைக் குறிப்பிடுகின்றது. அரிசிக் களியை ஆறவைத்து, முளையினால் ஆகிய அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியச் சாடியில் விளையவைக்கும் முறையும் அந்நூலில் விரிவாக உள்ளது. பார்லிக்குப் பதில் நெல் என்பதே வேற்றுமை. முளையின் பயனை இருவரும் அறிந்திருந்தனர்.

வீட்டில் ஆக்கும் உரிமை எங்கும் எப்போதும் இருந்ததன்று. பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. 1963ஆம் ஆண்டில்தான் அவ்வுரிமம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், மறு ஆண்டு முதல், சொந்தப் பயனுக்காக வீட்டில் பீர் காய்ச்சுவோர்க்குக் கூட்டரசு வரியிலிருந்து விலக்களித்தது. நம் நாட்டில் உரிமமின்றி மது ஆக்குவது பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். பிற நாடுகளில் அவ்வுரிமை கிடைத்தபின், வீடுதோறும் ஆக்கியோர் ஒன்றுகூடினர். ஒன்றுகூடியதும் எழுந்த கேள்வி ஒன்றே: எவருடையது நன்று?

இரு தத்துவ அறிஞர்

இக்கேள்விக்கு விடை உண்டா என்பதில் ஐரோப்பியத் தத்துவ அறிஞர் இருவர் மாறுபட்டனர். செருமானிய அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில், இனிமை வேறு, அழகு வேறு என்று பிரித்தார். கேனரித் தீவின் மது இனிது என்று ஒருவன் கூறினால், "எனக்கு" என்னும் சொல்லையும் சேர்த்தே கூறவேண்டும். அழகைப் பற்றிய தீர்ப்போ எல்லாருடைய உடன்பாட்டையும் வேண்டி நிற்கும் என்பது அவர் கருத்து. அதாவது, நாவின் சுவையில் வழக்குக்கே இடமில்லை.

அவருக்கு முன்னரே, 1757இல், ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோலைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 'டான் குவிக்சோட்' என்னும் ஸ்பானியப் புதினத்தில் வரும் கதை ஒன்றை அதில் எடுத்தாண்டார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர், மது நன்று, ஆனால் தோலின் வாடை சிறிது உள்ளது என்றார். மற்றவர், மது நன்று, ஆனால் இரும்பின் சுவை சிறிது உள்ளது என்றார். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகையாடினர். பீப்பாய் காலியானதும் அடியில் கிடந்தது ஒரு சாவி. அதில் தோல்வார் கட்டப்பட்டிருந்தது! நாவின் தீர்ப்புக்கும் சான்று உண்டு என்பதை இக்கதை காட்டுகின்றது.

இவ்விருவருள் யார் பக்கம் உண்மை? வீட்டில் பீர் ஆக்குவோரின் பட்டறிவு, கான்ட் பக்கம் ஓரளவும் ஹியூம் பக்கம் பேரளவும் சாய்கின்றது.

முதற்கண் கான்டின் பக்கம். மனிதர் நாக்குகள் ஒரு தன்மைய அல்ல. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலார் ஆர்தர் ஃபாக்ஸ், தம் ஆய்வுக்கூடத்தில் பறந்த ஒரு பொடியைத் தம் உடனுழைப்பாளர் கடுங்கைப்பு என்று கூற, தமக்கோ எச்சுவையும் தோன்றாமை கண்டு வியந்தார். அவ்வேறுபாடு பிறப்பிலேயே அமைவது எனப் பின்னர் நிறுவப்பட்டது. ஒருவர்க்குக் கைப்பது மற்றொருவர்க்குக் கைக்காமல் இருக்கலாம். எனவே, "உனக்கு இது பிடித்தே ஆகவேண்டும்" என்று எவரும் எவரையும் வற்புறுத்த இயலாது.

ஆனால் இதனால் சுவையில் உண்மையே இல்லை என்றாகுமா? ஆகாது. நிறக்குருடர் சிலர் இருப்பதால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடுவதில்லை. ஹியூம் கூறிய சாவியைப் போன்ற சான்றுகள் பீரிலும் உண்டு. வெண்ணெய் மணம் வீசினால், ஈஸ்ட் தன் பணியை முடிக்குமுன் பானம் குளிர்விக்கப்பட்டிருக்கலாம். நனைந்த அட்டையின் வாடை வந்தால் காற்றுப் பட்டிருக்கும். வெயில் பட்ட பீரில் ஹாப்ஸ் சிதைந்து தீநாற்றம் எழும்; பழுப்பு நிறப் புட்டிகளைப் பயன்படுத்துவது இதனைத் தடுக்கவே. இவை எவருடைய விருப்பமும் அல்ல. காரணமும் விளைவும் ஆகும்.

சைடரிலும் இவ்வாறே. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைடர் ஆப்பிள்களை நான்காக வகுத்தது. சாற்றில் அமிலம் 0.45 விழுக்காட்டுக்கும் டானின் 0.2 விழுக்காட்டுக்கும் மேலா கீழா என்பதே அளவுகோல். இரண்டும் குறைந்தது இனிப்பு வகை. அமிலம் மட்டும் மிகுந்தது புளிப்பு வகை. டானின் மட்டும் மிகுந்தது கைப்பினிப்பு வகை. இரண்டும் மிகுந்தது கைப்புப் புளிப்பு வகை. டானின் கைப்போடு துவர்ப்பையும் தரும். தமிழர் அறுசுவையுள் கைப்பையும் துவர்ப்பையும் தனித்தனியே வைத்து எண்ணியவர். சுவைக்குப் பெயர் உள்ளவன் அதனைத் தேடிக் காண்பான். பெயர் இல்லாதவன், "ஏதோ போல் இருக்கிறது" என்பதோடு நின்றுவிடுவான். சொல் கற்பிக்கும் ஆசிரியர், உணரும் திறத்தையும் உடன் கற்பிக்கின்றார் என்பதற்கு இது சான்று.

இனத்தை அறிந்து குறையைச் சொல்

இன்னொரு நுட்பமும் உண்டு. முதிராத பீரில் பச்சை ஆப்பிளின் மணம் தோன்றும். பெரும்பாலான பீர்களில் அது குற்றம். சைடரிலோ ஆப்பிள் மணம் இயல்பு. தெளிந்த வெளிர்நிறப் பீரில் புளிப்புத் தோன்றின் அது கெட்டுவிட்டது என்பர். பெல்ஜியத்தில் காற்றிலுள்ள ஈஸ்டால் விளையும் லாம்பிக் என்னும் பீருக்கோ புளிப்பே சிறப்பு. ஆகவே, ஒரு பொருள் எவ்வினத்தைச் சார்ந்தது, எதனை நோக்கிச் செய்யப்பட்டது என்று அறியாமல் கூறும் குறை, குறையாகாது. புதுக்கவிதையில் எதுகை தேடுவோரும், நாட்டுப்புறப் பாடலில் இலக்கணம் தேடுவோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது.

இவ்வாறு பார்த்தால், நன்மை வேறு, விருப்பம் வேறு என்பது தெளிவாகும். "இது நன்கு ஆக்கப்பட்ட பானம்; ஆயினும் எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் கூறினால் அதில் முரண் இல்லை. "இதில் குறை உண்டு; ஆயினும் எனக்குப் பிடிக்கும்" என்பதிலும் முரண் இல்லை. இரண்டும் ஒன்றே எனின் இவ்வாக்கியங்கள் பிதற்றலாக ஒலிக்கவேண்டும். அவ்வாறு ஒலிக்கவில்லை. கான்ட், விருப்பத்தை வழக்கிலிருந்து நீக்கியது சரி. அதனோடு நன்மையையும் நீக்கியது சரியன்று.

பெயரை மறைத்தல்

தீர்ப்பு இயலும் என்றால், அது ஏன் இத்துணை அடிக்கடி பிழைபடுகின்றது? நாவினால் அன்று, பெயரினால். அமெரிக்க ஆய்வாளர் அல்லிசன், ஊல் இருவரும் 1964இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பீர் அருந்தும் பழக்கமுடைய 300க்கும் மேற்பட்டோர்க்கு முதலில் பெயரில்லாப் புட்டிகளையும், பின்னர்ப் பெயருள்ள புட்டிகளையும் கொடுத்தனர். பெயர் இல்லாதபோது, பொதுவாக அவர்களால் தாம் வழக்கமாக அருந்தும் வகையை அடையாளம் காண இயலவில்லை. பெயர் தெரிந்ததும் தத்தம் வகையையே உயர்த்திக் கூறினர். அவர்கள் பொய்யர் அல்லர். சுவைப்பதாக நினைத்து, புட்டியின் முகப்பைப் படித்துக் கொண்டிருந்தனர்.

பெயர் என்பது நிறுவனத்தின் பெயர் மட்டுமன்று. குடிப்பவரின் தகுதியும் ஒருவகைப் பெயரே. 17ஆம் நூற்றாண்டில் ஹெரிஃபோர்ட்ஷயரின் சிறந்த சைடர் பெருங்குடியினர் விருந்துகளில் மதிப்புப் பெற்றது. பிற்காலத்தில் அது பண்ணைத் தொழிலாளரின் பானமாகி, அவர்தம் கூலியின் ஒரு பகுதியாகவும் வழங்கப்பட்டது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. உழைப்பாளி அருந்துவது இழிந்தது, செல்வர் அருந்துவது உயர்ந்தது என்னும் எண்ணம் நாவை எவ்வளவு எளிதில் ஏமாற்றும்! "உயர்ந்த சுவை" என்ற சொல்லைக் கேட்டதும் மாணவன் ஐயுறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சொல்லின் பின்னால் பல காலம் செல்வமும் சாதியும் பதவியும் ஒளிந்திருந்தன. ஆனால் அந்நோய்க்கு மருந்து, தீர்ப்பே வேண்டா என்று விடுவதன்று. தீர்ப்பிலிருந்து பெயரை நீக்குவதே.

பெயர்களுள் மிக வலியது நம் சொந்தப் பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. வாரக்கணக்கில் காத்திருந்து தானே ஆக்கிய பானத்தை ஒருவன் நடுநிலையோடு சுவைத்தல் அரிது. இதனை உணர்ந்தே, அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பெற்ற பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் விதிகள் வகுத்தது. நடுவர்க்கு ஆக்கியோர் பெயர் தெரிவிக்கப்படாது. தம் பானம் போட்டியிடும் பிரிவில் எவரும் நடுவராக அமரலாகாது. மதிப்பெண்ணும் மொத்தமாக வழங்கப்படுவதில்லை. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தச் சிறப்புக்கு 10 என 50 புள்ளிகள் பகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதவேண்டும். கட்டுரைத் தாள் திருத்தும் ஆசிரியர் இதனைப் படித்ததும் புன்முறுவல் பூப்பார். இது நமக்குப் பழகிய முறையே. ஒட்டுமொத்தச் சிறப்புக்கென 10 புள்ளிகளை ஒதுக்கியிருப்பது கருதத்தக்கது. பகுத்தளக்க இயலாத ஒன்று எஞ்சி நிற்கும் என்பதை அவ்விதி ஒப்புக்கொள்கின்றது. அதே வேளையில், அந்த எஞ்சியது முழுத் தீர்ப்பையும் விழுங்கிவிடாதபடி எல்லையும் கட்டுகின்றது.

"எப்படி இருக்கிறது?"

இனி, அறத்தோடு நெருங்கிய பகுதிக்கு வருவோம். தான் ஆக்கியதை நண்பர்க்குக் கொடுத்து, "எப்படி இருக்கிறது?" என்று ஒருவன் கேட்கின்றான். நண்பர் மென்மையானவர். குறை தெரிந்தும், "நன்றாக இருக்கிறது" என்கின்றார். இது அன்பா? அடுத்த முறையும் அவன் அதே பிழையோடு ஆக்குவான். மற்றொருவர் முகம் சுளித்து, "இது வாயில் வைக்கத் தகாது" என்கின்றார். இது உண்மையா? குறை உள்ளது என்பதை மட்டும் கூறி, எது குறை என்பதைக் கூறாத உண்மை அரை உண்மையே. மூன்றாமவர், "வெண்ணெய் மணம் சிறிது உள்ளது, அடுத்த முறை குளிர்விக்குமுன் இன்னும் இரண்டு மூன்று நாள் மிதமான வெப்பத்தில் விட்டுப் பாருங்கள், ஈஸ்ட் அதனை உட்கொண்டுவிடும்" என்கின்றார். குறையையும் காரணத்தையும் திருத்தும் வழியையும் சேர்த்துக் கூறிய இவரே நடுவர். இவரே நண்பரும் ஆவார்.

நம் மாணவர் எழுதிய கட்டுரையின் ஓரத்தில் நாம் இடும் சிவப்பு மையை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். "நன்று", "முயல்க", "மோசம்" என்னும் ஒற்றைச் சொற்கள் மேற்கூறிய முதல் இருவரின் சொற்களுக்கு இனமானவை. மூன்றாமவரைப் போல் எழுத நேரம் வேண்டும்; பொறுமை வேண்டும். ஐம்பது தாள்களைத் திருத்தும் ஆசிரியர்க்கு அது எளிதன்று. எனினும் ஒரு தாளுக்கு ஒரு குறையையேனும் காரணத்தோடு சுட்டினால், ஆசிரியரின் தீர்ப்பு அதிகாரம் அன்று, உதவி என்பதை மாணவன் உணர்வான்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சுவைக்கு நடுவர் உண்டு. ஆனால் நடுவராகும் தகுதி பதவியாலோ வயதாலோ வருவதன்று. தம் விருப்பத்தைத் தம் தீர்ப்பினின்று பிரித்தறிவதாலும், பெயர் கண்டு மயங்காமையாலும், கூறியதற்குக் காரணம் காட்டுவதாலும், காட்டிய காரணம் பொய்த்தால் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் நேர்மையாலும் அது வருகின்றது. மாணவன், "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால், பிடித்தே ஆகவேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டியதில்லை. "உன் விருப்பம் உன்னுடையதாகவே இருக்கட்டும், இப்பாடலில் என்ன இருக்கிறது என்று மட்டும் சேர்ந்து பார்ப்போம்" என்று கூறலாம்.

அதற்கு ஒரு வழியும் பீர் உலகிலிருந்தே கிடைக்கின்றது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தில் 1940களில் முக்கோணச் சோதனை என்னும் முறை கையாளப்பட்டது. சுவைப்பவர் முன் மூன்று குவளைகள் வைக்கப்படும். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறானது எது என்று அவர் கூறவேண்டும். குருட்டாம்போக்கில் கூறினால் மூன்றில் ஒருமுறை சரியாகலாம். பன்முறை தொடர்ந்து சரியாகக் கூறுபவரே சுவையறிந்தவர். இதனை வகுப்பறைக்குக் கொணர்வோம். ஒரே புலவரின் இரு பாடல்களையும் வேறொருவரின் ஒரு பாடலையும், பெயர்களை மறைத்துக் கரும்பலகையில் எழுதுவோம். வேறானது எது, எச்சொல்லால், எவ்வோசையால் அவ்வாறு கருதுகின்றாய் என்று கேட்போம். விடை தவறினும் குற்றமில்லை. காரணம் தேடத் தொடங்கிய மாணவன், "பிடிக்கும், பிடிக்காது" என்னும் எல்லையைத் தாண்டிவிட்டான். ஆசிரியரும் தம் விடையை முதலில் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, இறுதியில் மாணவர் முன்னிலையில் பிரித்துக் காட்டுதல் நன்று.